கோட்டுக்குக் கீழே மதார் சாகிப்

மதார் சாகிப்பின் உயரம் நாலடி அஞ்சு அங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால், முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று சண்டைக்கு வருவீர்கள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை ராஜபாளையத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். மில்காரர்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தியது, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் வம்புக்கு வருவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பஸ், ஒரே ஜன்னலோர சீட்டு, தினமும் ஒரு முழு டிக்கெட்.

முழு டிக்கெட் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் கண்ணுச்சாமி அப்போது வேலைக்குப் புதுசு. முகத்தைப் பார்க்காமல் அரை டிக்கெட்டைக் கிழித்து மதார் சாகிப்பிடம் நீட்டிவிட்டான். மதார் சாகிப் அதை வாங்கவில்லை. பஸ்ஸின் நடுக் கம்பியில் அரை டிக்கெட்டுக்கு அளவு பார்க்க ஒரு கோடு போட்டிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கம்பியோடு முதுகை ஒட்டி நின்றார். கோட்டுக்கு மேலே மூன்று விரல் தலை தெரிந்தது. பஸ்ஸே பார்த்தது. கண்ணுச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டு முழு டிக்கெட் கொடுத்தான். அந்த மூன்று விரலை மதார் சாகிப் அன்றிலிருந்து பூர்வீகச் சொத்து மாதிரி வைத்திருந்தார்.

அவர் வரும்போது நூலகத்தில் இருந்தவை தொண்ணூறு புத்தகங்கள், அதில் பாதி பஞ்சாங்கம். இப்போது ஆயிரத்து முந்நூறுக்கு மேல். பள்ளிக்கூடம் ஒன்றும் வாங்கிக் கொடுத்துவிடவில்லை. யார் வீடு காலி பண்ணுகிறார்கள், எந்த மில் மேனேஜர் ஊர் மாற்றலாகிப் போகிறார், எந்த வீட்டில் பெரியவர் இறந்து அலமாரி அநாதையாக நிற்கிறது என்று காது கொடுத்துக் கேட்டு, வாசலில் போய் நின்று, சாக்கில் அள்ளித் தலையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தவை அவ்வளவும். பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. போன வாரம் கொண்டுபோனதில் என்ன இருந்தது என்று கேட்பார். பிள்ளை சொன்னால் அடுத்தது, முழித்தால் அதே மாதிரி இன்னொன்று. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளையும் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம்தான் வினை வந்தது. சத்திரப்பட்டியில் இருபது தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்த வேல்சாமியின் மகன் சமுத்திரம் ஆறாம் வகுப்பு. வீட்டில் புதிதாகப் பசு வாங்கியிருந்தார்கள். பையனுக்குப் பசுவின் மேல் ஒரே பிரியம், ஆகவே நூலகத்தில் கறவை மாடு வளர்ப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடும்போது, சினைப்பருவம் எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பையன் அப்பாவிடம் சத்தமாகக் கேட்டான். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் புரை ஏறியது. அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது.

மறுநாள் காலையில் வேல்சாமி பள்ளிக்கூடத் தாளாளர் சுப்புராஜின் முன்னால் நின்றார். சுப்புராஜ் நல்ல மனுஷர். ஒரு காசு பள்ளிக்கூடத்தில் இருந்து எடுத்தவரில்லை. ஆனால் கடைசியாக வந்து பேசியவர் சொல்வதுதான் அவருக்குச் சட்டம். வேல்சாமி பேசி முடித்ததும், பெரியவர்கள் படிக்கிற புத்தகங்களை எல்லாம் பிரித்தெடுத்து சிவகாசிப் பேப்பர் வியாபாரிக்கு ஏற்றிவிடுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார். சிவகாசியில் பழைய பேப்பர் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெடி சுற்றுவார்கள்.

மதார் சாகிப் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"மொதலாளி, சினிமாவுக்கு வயசு வந்தவுகளுக்கு மட்டும்னு போடுதாக. அதுக்காகப் படத்தையா கொளுத்துதாக? நாமளும் வயசு பாத்துக் குடுப்போம்."

கடைசியாகப் பேசியது அவர் என்பதால் சுப்புராஜ் சரி என்றார். ஆனால் வேல்சாமி பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமவும், ஒரு நிபந்தனையும் சேர்த்துவிட்டார். அரையாண்டு லீவு வரை பார்ப்பது. அதற்குள் இன்னொரு புகார் வந்தால் லாரிதான், பேச்சே கிடையாது.

உடனே கமிட்டி போட்டார்கள். சுப்புராஜ், வேல்சாமி, டிரில் வாத்தியார் ஆண்டிச்சாமி. ஆண்டிச்சாமி பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். மூன்று பேருக்குமே புத்தகம் படிக்கிற பழக்கம் இல்லை என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது. நடுப் பக்கத்தைத் திறப்பது, காதல், கர்ப்பம், கொலை, கள் என்று ஏதாவது கண்ணில் பட்டால் தூக்கி அந்தப் பக்கம் வைப்பது. இப்படி இருநூற்றுப் பதினாலு புத்தகம் தேறியது. கறவை மாடு போச்சு. முதலுதவிக் கையேடு போச்சு, அதில் பிரசவ வலி பற்றி ஒரு பக்கம் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிண்டுவது எப்படி என்று எழுதியிருந்ததால் சமையல் புத்தகமும் போச்சு. பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்ஸ் போனதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அம்புட்டையும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் அடுக்கி, அலமாரிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள்.

அடுத்து வயசு. பள்ளிக்கூட ரிஜிஸ்தரை எடுத்துப் பார்த்தால், அறுநூற்று நாற்பது பிள்ளைகளில் ஐந்நூற்றுப் பதினோரு பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள். அது எப்படி என்று நமக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் அஞ்சு வயசு, ஜூன் ஒன்று. தொடாவிட்டால் தேங்காய் பழத்தோடு வந்த தகப்பன் தொட வைப்பான். நாளைக்கு சர்க்கார் வேலைக்கு ஆகும் என்று ரெண்டு வயசு குறைத்துக் கொடுத்தவர்கள் தனி. ரிஜிஸ்தர்படி பன்னிரண்டு வயதான ஒரு பத்தாம் வகுப்புப் பையன் வாரம் ரெண்டு தடவை முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்தான். ஆண்டிச்சாமி ரிஜிஸ்தரை மூடி, இதை நம்பி ஒரு ஆட்டுக்குட்டியைக் கூட வாங்கமுடியாது என்றார்.

சுப்புராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வயசு தெரியாவிட்டால் வேறு வழி இல்லையே என்று இழுத்தார். அடுத்து சிவகாசி என்று சொல்லப்போகிறார் என்பது மதார் சாகிப்புக்குத் தெரிந்தது. பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"பஸ்ல வயசா கேக்கான் மொதலாளி? கம்பியில ஒரு கோடு போட்டு வச்சிருக்கான். அம்புட்டுத்தான்."

இதைச் சொல்லும்போது அவர் மனசில் இருந்தது அந்தப் பஸ் கோடுதான். அதுக்கு அவர் மூன்று விரல் மேலே. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கோட்டைத் தாண்டி வாழ்ந்தவருக்கு, உலகத்தில் வேறு கோடும் போடமுடியும் என்பது தோன்றவே இல்லை. ஆண்டிச்சாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது இப்படித்தான், அளவு பொய் சொல்லாது என்றார். ஆனால் பஸ் கோடு அரை டிக்கெட்டுக்கு உள்ளது, பெரிய புத்தகத்துக்கு அது காணாது என்று சொல்லி, டேப்பைப் பிடித்து, நூலகத்தின் கதவு நிலையில் நாலடி பத்து அங்குலத்தில் சிவப்புக் கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் சிவப்பு அலமாரியைத் தொடலாம். கீழே இருப்பவர்களுக்குத் தனியாகப் பச்சைப் பதிவேடு, சிங்கம் முயல் கதைகள்.

திங்கட்கிழமை தேங்காய் உடைத்துத் தொடங்கிவைத்தார்கள். முதலில் சுப்புராஜ் நின்றார், கைதட்டினார்கள். ஆண்டிச்சாமி நின்றார். வாத்தியார்கள் வரிசையாக நின்றார்கள். உயரம் குறைந்த ரெண்டு டீச்சர்கள் வகுப்பு இருக்கிறது என்று நழுவிவிட்டார்கள். கடைசியில் ஆண்டிச்சாமி, பாவம், மனசில் ஒன்றும் இல்லாமல்தான், சாகிப் சாரும் ஒரு தடவை நிற்கட்டும் என்றார். நின்றார். தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் அஞ்சு அங்குலம் வெற்று மரம் தெரிந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சுப்புராஜ் சங்கடப்பட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார். வேல்சாமி, சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே என்றார். கடைசிப் பேச்சு அதுதான்.

மதார் சாகிப்புக்குக் காது மடல் சுட்டது. ஐம்பது வயசு மனுஷனைப் பிள்ளைகள் முன்னால் வைத்து இப்படிச் செய்கிறார்களே என்று நினைத்தார். சத்தம் போட்டிருக்கலாம். சத்தம் போட்டால் அது புகார், புகார் வந்தால் லாரி. கண்ணாடிக்கு உள்ளே இருந்த இருநூற்றுப் பதினாலையும் ஒரு தடவை பார்த்தார். வளையத்தில் இருந்து அலமாரிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

சாவியை யாரிடம் கொடுப்பது என்று அடுத்த பிரச்சினை. வாத்தியார்களுக்கு வகுப்பு இருக்கிறது. ஆகவே பள்ளிக்கூடத்திலேயே உயரமான பிள்ளையைத் தேடினார்கள். ஏழாம் வகுப்பு முத்துப்பேச்சி அஞ்சடி நாலு அங்குலம் இருந்தாள். வயசு நிஜமாகவே பன்னிரண்டு. அப்பா செண்பகத்தோப்பில் காட்டிலாகா காவலர், இவள் ராஜபாளையத்தில் பெரியம்மா வீட்டில் இருந்து படித்தாள். லைட் கம்பம் என்று பட்டப்பெயர். அதற்குப் பயந்து எப்போதும் முதுகைக் கூனிக்கொண்டுதான் நடப்பாள். கமிட்டி அவளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, அவள் கையில் சாவியைக் கொடுத்தது. இடைவேளை நேரமெல்லாம் இனிமேல் அவள் நூலகத்தில்தான் இருக்கவேண்டும், சிவப்பு அலமாரிக்கு அவளே பொறுப்பு.

அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பத்தாம் வகுப்புப் பையன்கள் மூச்சுப் பிடித்துக் கம்பியில் தொங்கினார்கள். ஒருவன் செருப்புக்குள் பாக்குமட்டையை வெட்டி வைத்துக்கொண்டு வந்து பிடிபட்டான். கொண்டை அளவில் சேருமா என்று பெண்பிள்ளைகள் கேட்க, ஆண்டிச்சாமி மரஸ்கேலால் கொண்டையை அமுக்கிப் பார்த்துச் சேராது என்றார். பத்தாம் வகுப்பில் பாதிப்பேர் கோட்டுக்குக் கீழே. அவர்களுக்கு அறிவியல் நோட்ஸ் வேண்டும். ஆகவே எட்டாம் வகுப்பு நெட்டைப் பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் நின்று, இனப்பெருக்கப் பாடத்தைப் பத்தாம் வகுப்புக்கு உரக்க வாசித்தான். விளையாடும்போது ஒரு பிள்ளைக்குக் கை ஒடிந்தது. கட்டுப்போட வந்த டீச்சர் கோட்டுக்குக் கீழே என்பதால் முதலுதவிக் கையேட்டைத் தொடமுடியவில்லை. முத்துப்பேச்சி வாசலில் நின்று ஒவ்வொரு வரியாக வாசிக்க, டீச்சர் கேட்டுக் கேட்டுக் கட்டினார்.

மதார் சாகிப்புக்குப் பதிவேடு என்றால் குர்ஆனுக்கு அடுத்தது, பொய் எழுத வராது. கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோரையும் பச்சைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று விதி. முதல் வரியில் தன் பெயரையே எழுதினார். மதார் சாகிப், உயரம் நாலடி அஞ்சு அங்குலம். வயசுக்கும் வகுப்புக்கும் அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. கோடு வந்த பிறகு அதெல்லாம் எதற்கு. படிக்காமல் அவரால் இருக்கமுடியாது, ஆகவே சிங்கம் முயல் கதைகளையே ஒவ்வொன்றாக வீட்டுக்கு எடுத்துப்போனார், எடுத்த ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதினார். செப்டம்பருக்குள் நூற்று நாற்பத்து மூன்று ஆகிவிட்டது. மனைவி ரஹ்மத் பீவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேரன் யாரும் வரப்போகிறானா என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் மணி அடித்து எல்லோரும் போனபிறகு, அவர் சிவப்பு அலமாரிக்கு முன்னால் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்தட்டில் ஒரு தடித்த நாவல். செத்துப்போன ஒரு தாசில்தார் வீட்டில் இருந்து கொட்டும் மழையில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் படிப்பார். சாவியைப் பூட்டில் இருந்து எடுக்க வந்த முத்துப்பேச்சி அவரையும் பார்த்தாள், அவர் பார்த்த இடத்தையும் பார்த்தாள். பிறகு அந்த நாவலை எடுத்து, தினத்தாளில் சுற்றி, அவருடைய சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் செருகினாள்.

"காலையில மணி அடிக்கதுக்கு முன்ன குடுத்துருங்க சார். பெரியவக யாரும் பாத்துறக் கூடாது."

பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஐம்பது வயசு மனுஷனுக்குத் திருட்டுத்தனமாகப் புத்தகம் கொடுக்கிறது. மதார் சாகிப்புக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் எட்டு மணிக்கே வந்து திருப்பிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் பதிவேட்டில் ஏற்றாமல் அவர் எடுத்துப்போன ஒரே புத்தகம் அது.

செப்டம்பர் கடைசியில் கல்வி இலாகா மேலிடத்தில் இருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். வெயிலில் வந்த மனுஷர், சுப்புராஜின் அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்தார். கோடு, அலமாரி எல்லாவற்றையும் ஆண்டிச்சாமி விளக்கிச் சொல்லக் கேட்டு ரொம்பவும் சந்தோஷப்பட்டார். நூலகம் வரை நடக்கத் தெம்பில்லை. பச்சைப் பதிவேட்டை வரவழைத்து, அதில் அதிகம் படித்தவரின் பெயரையும் எண்ணிக்கையையும் உயரத்தையும் தன் படிவத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபரில் வேல்சாமி வந்தார். கறவை மாட்டுப் புத்தகம் உள்ளே பத்திரமாகப் பூட்டியிருக்கிறதா என்று கமிட்டி உறுப்பினர் என்ற முறையில் பார்க்கவேண்டும் என்றார். முத்துப்பேச்சி கதவு நிலையைக் காட்டினாள். இப்போதெல்லாம் அவள் முதுகு கூனுவதில்லை. தொடக்க விழா அன்றைக்கு வேல்சாமி தேங்காய் உடைக்கிற மும்முரத்தில் அளவு கொடுக்கவில்லை. இன்றைக்கு நின்றார். நாலடி ஒன்பது.

திரும்ப நின்றார். செருப்போடு நின்றார். ஒரு அங்குலம்தானே என்று கேட்டார்.

"ஏட்டி, அந்தக் கமிட்டியே நாந்தான்."

"கமிட்டியும் நிக்கணும்னு டிரில் சார் சொல்லியிருக்காக" என்றாள் முத்துப்பேச்சி.

சத்தம் கேட்டுக் கூட்டம் கூடியது. கூட்டத்தில் சமுத்திரமும் இருந்தான். ஜூனில் இருந்து பயல் பசும்பால் குடித்துத் தள்ளியதில் வளர்ந்திருந்தான். அப்பாவுக்கு உதவி செய்கிற நல்ல எண்ணத்தோடு கோட்டில் நின்றான். அரை அங்குலம் மேலே. உள்ளே போய்க் கறவை மாட்டுப் புத்தகத்தை வாங்கி, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற அப்பாவுக்கு வேண்டிய பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினான். அதே பக்கம்தான். பள்ளிக்கூடமே கேட்டது.

வேல்சாமி நேராகச் சுப்புராஜிடம் போனார். இது திட்டமா, மனுஷனைக் கேவலப்படுத்துகிற வேலையா என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார். ஆக, புகார் வந்துவிட்டது. அரையாண்டு லீவின் முதல் நாள் லாரி வரும் என்று சுப்புராஜ் சொல்லி அனுப்பினார். மதார் சாகிப் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோனார். பஸ்ஸில் கண்ணுச்சாமி என்ன பாய் உடம்புக்கு என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மேலிடத்தில் இருந்து கடிதம் வந்தது. அதை ஆண்டிச்சாமி உரக்க வாசிக்க, சுப்புராஜும் மதார் சாகிப்பும் கேட்டார்கள். சிவப்பு அலமாரித் திட்டம் மெச்சத்தக்கது. மற்ற பள்ளிகளுக்குக் காட்டவேண்டியிருப்பதால், அலமாரியும் புத்தகங்களும் அப்படியே இருக்கவேண்டும். கோட்டுக்குக் கீழ்ப்பட்ட பிரிவில் நான்கே மாதத்தில் நூற்று நாற்பத்து மூன்று நூல்களைப் படித்த மாணவன் மதார் சாகிப்புக்கு நவம்பர் பதினாலு, குழந்தைகள் தினத்தன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும் விழாவில் சிறந்த இளம் வாசகர் பரிசு. இத்தனை ஆர்வமுள்ள மாணவனுக்கு மட்டும் உயர விதியைத் தளர்த்தி, சிவப்பு அலமாரியைக் கையாள அனுமதிக்கலாம்.

உண்மையை எழுதிவிடலாமா என்று சுப்புராஜ் கேட்டார். எழுதினால் விசாரணை வரும், திட்டம் ரத்தாகும், திட்டம் இல்லாவிட்டால் வேல்சாமியின் புகாரும் லாரியும் தயாராக நிற்கின்றன. ஆண்டிச்சாமி ஒரு யோசனை சொன்னார். ஆறாம் வகுப்பில் அதே நாலடி அஞ்சில் ஒரு பையன் இருக்கிறான், மதார் சாகிப் என்று சொல்லி அவனை அனுப்பிவிடுவோம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். சுப்புராஜ் அதற்கும் சரி என்று தலையாட்டினார்.

மதார் சாகிப்புக்கு அப்போதுதான் கோபம் வந்தது. ஜூனில் இருந்து வராத கோபம் அவ்வளவும் வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"நூத்தி நாப்பத்து மூணையும் படிச்சது நான். முயல் சிங்கத்தக் கெணத்துல தள்ளுற கதைய மட்டும் ஏழு புஸ்தகத்துல படிச்சிருக்கேன் மொதலாளி. பரிசையும் நாந்தான் வாங்குவேன்."

கடைசியாகப் பேசியது அவர். சுப்புராஜ் கையெழுத்துப் போட்டார்.

பதினாலாம் தேதி காலையில் ரஹ்மத் பீவி வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். என்ன விழா என்று அவர் சொல்லவில்லை. மேடையில் பதின்மூன்று பிள்ளைகள் சட்டையில் ரோஜாப்பூவைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பதினாலாவது நாற்காலி காலி. இவர் போய் அதில் உட்கார்ந்தார். யாரோ ஒரு டீச்சர் அவசரத்தில் இவர் சட்டையிலும் ஒரு பூவைக் குத்திவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த சின்னப் பெண், தாத்தா நீங்க என்ன கிளாஸ் என்று கேட்டது. வகுப்பெல்லாம் கிடையாது, நான் கோட்டுக்குக் கீழே என்று சொன்னார். அந்தப் பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது.

மாணவன் மதார் சாகிப் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். பரிசு கொடுக்க வந்த அதிகாரி நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு, பையன் வரவில்லையா என்று கேட்டார்.

"நாந்தான் சார்" என்றார் மதார் சாகிப்.

அதிகாரி கையில் இருந்த தாளைப் பார்த்தார். நாலடி அஞ்சு அங்குலம் என்று இருந்தது. இவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தாள் சொன்னதுக்கும் ஆளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கூட்டம் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பின்னால் இன்னும் மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நடனம் இருக்கிறது. ஒரு சான்றிதழும் ஒரு ஜாமெட்ரி பாக்ஸும் கொடுத்தார். முன்னால் வந்த பதின்மூன்று பேருக்கும் செய்த பழக்கத்தில் கை தன்னால் போய் மதார் சாகிப்பின் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டது. நல்லாப் படிக்கணும் என்றும் சொல்லிவிட்டார். மதார் சாகிப் சரி சார் என்றார். மேடைப் படியில் இறங்கினார். அலமாரி, அலமாரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பதினோரு மணி பஸ். அதே பஸ், அதே கண்ணுச்சாமி. அவனுக்கும் இப்போது மீசை நரைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் முத்துப்பேச்சி சாவியோடு காத்திருப்பாள். இன்றைக்கு அலமாரியை அவரே திறக்கலாம், சட்டப்படி. மேலிடத்தின் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. கண்ணுச்சாமி பக்கத்தில் வந்து நின்றான். சட்டையில் ரோஜாப்பூ, மடியில் ஜாமெட்ரி பாக்ஸ். எல்லாவற்றையும் பார்த்தான்.

"ஒரு முழு டிக்கெட்" என்றார் மதார் சாகிப். "ஒரு அரை."

கண்ணுச்சாமி சீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அரை யாருக்கு பாய்? பையன் எங்க?"

மதார் சாகிப் சுருட்டி வைத்திருந்த சான்றிதழை விரித்துக் காட்டினார். கண்ணுச்சாமி பையை இடுக்கிக்கொண்டு நிதானமாகப் படித்தான். மாணவன் மதார் சாகிப். சிறந்த இளம் வாசகர். உயரம் நாலடி அஞ்சு அங்குலம். படித்துவிட்டு நடுக் கம்பியைத் திரும்பிப் பார்த்தான். பஸ்ஸில் வேறு யாரும் இவர்களைக் கவனிக்கவில்லை.

"நாலடி அஞ்சுன்னுல்லா போட்டிருக்கு" என்றான். "நம்ம கோட்டுக்கு இவன் மூணு வெரல் மேல பாய். அரை செல்லாது. இவனுக்கும் முழுசுதான்."

ரெண்டு முழு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். மதார் சாகிப் ரெண்டுக்கும் காசைக் கொடுத்தார். அதன்பிறகு சான்றிதழை ஜன்னலோர சீட்டில் விரித்து, காற்றில் பறக்காமல் ஜாமெட்ரி பாக்ஸை அதன் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் தள்ளி உட்கார்ந்தார். வழியில் நல்ல கூட்டம் ஏறியது. ராஜபாளையம் வரை அந்த இடத்தில் அவர் யாரையும் உட்கார விடவில்லை.